பத்துக் கோடி ஏன் தோற்றது: 'கௌன் பனேகா கரோர்பதி' – ஒரு நிகழ்வு ஆய்வு

2000-ஆம் ஆண்டு ஜூலை 3 அன்று ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சியில், அமிதாப் பச்சன் நடத்திய 'கௌன் பனேகா கரோர்பதி' என்ற வினாடி வினா நிகழ்ச்சி தொடங்கியது. அதுவரை ஜீ டிவிக்கும் சோனிக்கும் பின்னால் நின்ற அந்த அலைவரிசை, இந்த நிகழ்ச்சியையும் அதே நாளில் தொடங்கிய 'க்யோங்கி சாஸ் பீ கபி பஹு தீ' தொடரையும் கொண்டு சில மாதங்களில் இந்தித் தொலைக்காட்சியின் முதலிடத்தைப் பிடித்தது. ஜீ டிவி அதே ஆண்டு இறுதிக்குள் 'சவால் தஸ் கரோர் கா' என்ற நிகழ்ச்சியைக் கொண்டுவந்தது. அனுபம் கேர், மனிஷா கொய்ராலா என இரண்டு திரை நட்சத்திரங்கள் அதை நடத்தினார்கள். பரிசு பத்துக் கோடி, அதாவது ஸ்டார் பிளஸ் அறிவித்ததைப்போல் பத்து மடங்கு. அடுத்த ஆண்டு சோனி, கோவிந்தாவைத் தொகுப்பாளராக வைத்து 'ஜீத்தோ சப்பர் ஃபாட் கே' நிகழ்ச்சியைத் தொடங்கியது. இவ்விரண்டில் எதுவும் நீடிக்கவில்லை. ஒரு கோடி ரூபாய் நிகழ்ச்சியோ அலைவரிசை மாறி, இடையில் தொகுப்பாளர் மாறி, பின்னர் பச்சனே திரும்பி வந்து, 2025-இல் பதினேழாவது சீசனைத் தொட்டிருக்கிறது.

பணத்துக்காகத்தான் இத்தகைய நிகழ்ச்சிகளை மக்கள் பார்க்கிறார்கள் என்றால் பத்துக் கோடி வென்றிருக்க வேண்டும். நட்சத்திர ஈர்ப்பே காரணம் என்றால் கோவிந்தாவோ அனுபம் கேரோ சோடை போனவர்கள் அல்லர். ஆகவே இந்தக் கால் நூற்றாண்டு நீடிப்புக்கான காரணத்தை நிகழ்ச்சியின் விதிகளுக்குள் தேடுவதே முறையாகும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

வடிவம் எங்கிருந்து வந்தது

இதன் மூல வடிவம் பிரிட்டனின் 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்?' டேவிட் பிரிக்ஸ், மைக் வைட்ஹில், ஸ்டீவன் நைட் ஆகிய மூவர் உருவாக்கிய அந்த நிகழ்ச்சி, 1998 செப்டம்பர் 4 அன்று ஐடிவியில் கிறிஸ் டாரன்ட் தொகுப்பில் ஒளிபரப்பானது. அதற்கு முதலில் வைத்திருந்த பெயர் 'கேஷ் மவுன்டன்'. பரிசுப் பணத்துக்கான வழி, பங்கேற்க விரும்புவோர் கூடுதல் கட்டணம் செலுத்தி அழைக்கும் தொலைபேசி எண்களில் இருந்தது. கோடிக்கணக்கான பரிசைக் கேட்டு மலைப்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்: தொலைபேசியை எடுத்த பல லட்சம் பேரின் சிறு தொகைகளே ஒருவர் கையில் பெருந்தொகையாகச் சேர்ந்தன.

பெரிய பரிசு என்பது தொலைக்காட்சிக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் 1955-இலேயே 64,000 டாலர் பரிசு தரும் வினாடி வினா நிகழ்ச்சி ஒன்று பெரும் புகழ் பெற்றிருந்தது. ஆனால் 'ட்வென்டி ஒன்' நிகழ்ச்சியின் நாயகனாகக் கொண்டாடப்பட்ட சார்லஸ் வான் டோரன், தமக்கு விடைகள் முன்கூட்டியே தரப்பட்டதாக 1959-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டதும் அந்த வகையே ஆட்டம் கண்டது. வினாடி வினாவில் முன்கூட்டியே முடிவு செய்து மோசடி செய்வது 1960-இல் சட்டப்படி குற்றமாக்கப்பட்டது. வான் டோரன் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு யோசிப்பதுபோல் நடித்ததைத்தான் மக்களால் மன்னிக்க முடியவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பணம் கைமாறியதைவிட, ஒரு மனிதன் உண்மையாகத் தடுமாறுகிறான் என்று நம்பிப் பார்த்தது பொய்யாகிப்போனதே பெரிய துரோகமாகப் பட்டது.

இந்தியாவுக்கு இந்த வடிவம் வந்தபோது பரிசை ஒரு லட்சம் என்று வைத்து, பெயரையும் 'லக்பதி' (லட்சாதிபதி) என்றே முதலில் யோசித்திருந்தார்கள். ஸ்டாரின் உரிமையாளர் ரூபர்ட் முர்டாக் அதைக் கோடியாக உயர்த்தச் சொன்னார் என்பது ஸ்டார் நிறுவனத்தில் அப்போது இருந்தவர்கள் வெளிப்படையாகச் சொல்லிவந்த செய்தி. தயாரிப்பை ஏற்றவர் சித்தார்த்த பாசு. தூர்தர்ஷன் காலத்தில் 'க்விஸ் டைம்' நடத்திய அவருக்கு வினாடி வினா கைவந்த கலை. ஆனால் அந்தப் பழைய மரபு ஆங்கிலத்தில் இயங்கியது, கல்லூரி அணிகளுக்கு உரியது, விடை தெரிந்தவன் மணியை அழுத்துவான், தெரியாதவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான். புதிய நிகழ்ச்சியில் விடை எப்போதும் திரையிலேயே இருந்தது. நான்கில் ஒன்று சரி. எதுவுமே தெரியாதவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்ற நிலையில், வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருக்கும் பாட்டிகூட "பி-தான்" என்று சொல்லிப் பார்க்கலாம். சரியாகிவிட்டால் அன்று இரவு முழுவதும் அந்த வீட்டில் பாட்டியின் ராஜ்யம்தான்.

கேள்வியைப் பார்த்த பிறகு விலகலாம்

வடிவத்தின் மிக நுட்பமான விதி எதுவென்று கேட்டால், லைஃப்லைன்களை, அதாவது தடுமாறும்போது கிடைக்கும் உதவி வாய்ப்புகளை, சொல்பவர்கள் பலர். என் கணிப்பில் அது வேறு. அடுத்த கேள்வியைப் பார்த்த பிறகும், அதற்கு விடை சொல்லாமல் அதுவரை வென்ற பணத்தோடு எழுந்து போகலாம் என்பதே அந்த விதி. கேள்வியைப் பார்ப்பதற்கு முன்பே தொடரவா, விலகவா என்று முடிவு செய்யச் சொல்லியிருந்தால் அது சூதாட்டமாக இருந்திருக்கும். விலகவே கூடாது என்றிருந்தால் அது வெறும் தேர்வு. கேள்வியும் நான்கு விடைகளும் கண்ணெதிரே இருக்க, தமக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் போட்டியாளர் தாமே எடைபோட வேண்டியிருப்பதால், அந்த எடைபோடலை நாம் அவர் முகத்தில் பார்க்க முடிகிறது.

முதல் சீசனின் பணப் படிகளை எடுத்துக்கொள்வோம். பத்தாவது கேள்விக்கு 3,20,000 ரூபாய். அது பாதுகாப்புப் படி, அதற்கு மேல் எங்கே தவறினாலும் அந்தத் தொகைக்குக் கீழே போக முடியாது. பதினோராவது 6,40,000, பிறகு 12,50,000, 25 லட்சம், 50 லட்சம், கடைசியாக ஒரு கோடி. 3,20,000 கையில் இருக்கும்போது அடுத்த கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை சொல்லலாம், இழப்பதற்கு எதுவும் இல்லை. 6,40,000 கையில் இருக்கும்போது தவறினால் பாதி போய்விடும். கணக்குப்படி, விடை சரியாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 34 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் துணியலாம். அடுத்த படியில் அந்த எல்லை ஏறத்தாழ 43 ஆகிறது, அதற்கடுத்து 47-ஐ நெருங்குகிறது, 50 லட்சத்தில் நிற்பவருக்கு 48-ஐத் தாண்டுகிறது. அதாவது கடைசிக் கேள்வியில் இரண்டு விடைகளை நீக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொன்னால்கூடத் தாளில் எழுதும் கணக்கு மயிரிழையில் அவர் பக்கம்தான்.

ஆனால் 50 லட்ச ரூபாயில் 46,80,000-ஐப் பணயம் வைத்து நாணயம் சுண்டும் குடும்பம் எந்த ஊரில் இருக்கிறது? தாளில் இருக்கும் கணக்குக்கும் வீட்டில் இருக்கும் கணக்குக்கும் இடையே உள்ள இந்த விரிசலில்தான் நிகழ்ச்சி வாழ்கிறது. படிகள் ஏறக்குறைய இரட்டிப்பாகிக்கொண்டே போவதால் ஒவ்வொரு முறையும் பேராசைக்கும் அச்சத்துக்கும் சம எடை கிடைக்கிறது. பார்ப்பவர்களில் பாதிப் பேர் "போதும், எழுந்திரு" என்றும் மீதிப் பேர் "சொல்லிப் பார்" என்றும் பிரிந்து நிற்பார்கள். ஒரே சோபாவில் அமர்ந்திருக்கும் கணவனும் மனைவியுமே பிரிந்து நிற்பார்கள்.

அந்த விரிசலை நீட்டிக் காட்டுவதற்காகவே மற்றவை யாவும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கீத் ஸ்ட்ராக்கன், மேத்யூ ஸ்ட்ராக்கன் இருவரும் அமைத்த இசை, படி ஏற ஏறச் சுருதி உயர்ந்துகொண்டே போகிறது. விளக்குகள் மேலிருந்து இறங்கிப் போட்டியாளரைச் சூழ்கின்றன. சரியான விடையைச் சொன்னவரிடமும் "லாக் கியா ஜாயே?" என்று தொகுப்பாளர் கேட்கிறார். பூட்டலாமா என்ற அந்தக் கேள்வியில் மிரட்டலும் இல்லை, உதவியும் இல்லை. ஆனாலும் விடை நன்றாகத் தெரிந்தவரே ஒரு கணம் சந்தேகப்படுவார். 2001-இல் பிரிட்டன் நிகழ்ச்சியில் ராணுவ மேஜர் ஒருவர் பத்து லட்சம் பவுண்டு வென்று, பின்னர் கூட்டாளியின் இருமலை வைத்து விடை கண்டுபிடித்தார் என்று 2003-இல் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றார். நான்கு விடைகளையும் வாய்விட்டு மாறிமாறிச் சொல்லிக்கொண்டு அவர் நேரம் கடத்தியது அவருடைய உத்தி என்பது வழக்கின் சாரம். யோசிப்பதற்கு வடிவம் அளித்திருந்த தாராளமான நேரத்தையே அவர் மோசடிக்கு இடமாக்கிக்கொண்டார்.

இதற்கு நேரெதிரான காட்சி ஒன்று அமெரிக்காவில் 1999 நவம்பரில் நடந்தது. இதே வடிவத்தை அங்கே ஒளிபரப்பிய ஏபிசி தொலைக்காட்சியில் முதன்முதலாகப் பத்து லட்சம் டாலர் வென்ற ஜான் கார்பென்டர், கடைசிக் கேள்விக்கு நண்பரை அழைக்கும் வாய்ப்பைப் பயன்படுத்தித் தம் தந்தையை அழைத்தார். உதவி எதுவும் வேண்டாம், நான் வெல்லப்போகிறேன் என்று சொல்லவே அழைத்தேன் என்றார். தடுமாற்றத்தையே எதிர்பார்த்துப் பழகியிருந்த பார்வையாளர்களை அந்தத் தடுமாற்றமின்மை திகைக்க வைத்தது. (அவர் வருமான வரித் துறை ஊழியர் என்பது கூடுதல் சுவை.) ஆனால் அதே ஏபிசி, வெற்றி மிதப்பில் நிகழ்ச்சியை வாரத்துக்கு ஐந்து இரவு வரை ஒளிபரப்பித் திகட்ட வைத்தது, 2002-இல் முதன்மை நேரத்திலிருந்து அதை எடுத்துவிட வேண்டியதாயிற்று. இந்தியாவில் நிகழ்ச்சி சீசன் சீசனாக, இடைவெளி விட்டு வந்ததை இதனோடு ஒப்பிட வேண்டும். இரண்டாவது சீசன் அமிதாப் பச்சனின் உடல்நலக் குறைவால் 2006 தொடக்கத்தில் பாதியில் நின்றதுகூட, வணிக நோக்கில் பார்த்தால், நிகழ்ச்சிக்கு வயது கூட்டியது என்று சொல்ல இடமுண்டு.

தொகுப்பாளர் யார் பக்கம்

2007-இல் மூன்றாவது சீசனை ஷாருக் கான் நடத்தினார். அப்போது அவரைவிடப் பெரிய நட்சத்திரம் இந்தித் திரையில் இல்லை. போட்டியாளர்களைக் கட்டித் தழுவினார், கேலி செய்தார், அரங்கைக் கலகலப்பாக வைத்தார். ஆனாலும் அந்த சீசன் முந்தையவற்றின் உயரத்தை எட்டவில்லை. ஸ்டார் பிளஸ் நிகழ்ச்சியைக் கைவிட்டது. அவர் மேடையில் இருந்தபோது கண்கள் அவர் மேல் இருந்தன. முடிவெடுக்க வேண்டிய மனிதர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அமிதாப் பச்சனின் வழி வேறு. 2000-இல் அவர் கடன் சுமையில் இருந்தார். ஏபிசிஎல் என்ற அவருடைய நிறுவனம் நொடித்துப் போயிருந்தது. சின்னத்திரைக்கு இறங்கி வருவது அவருக்கு நல்லதல்ல என்று பலர் கருதினார்கள். அந்த நிலையில் வந்தவர், எதிரே அமர்ந்த கடைக்காரரையும் ஆசிரியையையும் பெயரோடு 'ஜி' சேர்த்து அழைத்தார், பெண்களுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த உயரமும் குரலும் கொண்ட ஒருவர் தம்மை மரியாதையோடு நடத்துகிறார் என்பதே போட்டியாளருக்குப் பாதிப் பரிசாக இருந்தது. கேள்வி வந்ததும் அவர் எந்தப் பக்கமும் சாயவில்லை. ஆகவே அவருடைய நட்சத்திர மதிப்பு போட்டியாளரின் முடிவை மறைக்காமல், அதன்மேல் விளக்கடித்தது.

2010 அக்டோபர் 11 அன்று, அவருடைய பிறந்த நாளில், நிகழ்ச்சி சோனிக்கு மாறி மீண்டும் தொடங்கியது. எந்தக் கேள்வியும் சிறியதல்ல என்பது அந்த ஆண்டு விளம்பர வாசகம். அடுத்த ஆண்டு எந்த மனிதனும் சிறியவனல்ல என்று அதை மாற்றினார்கள். அதற்கேற்பச் சிற்றூர்களிலிருந்து வருபவர்கள் முன்னுக்கு வந்தார்கள், அவர்களுடைய வீடு, தொழில், கடன், பெற்றோரின் நோய் எல்லாம் சிறு படங்களாகக் காட்டப்பட்டன. இதைக் கண்ணீர் வியாபாரம் என்று குறை கூறுபவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயமும் உண்டு. சில இரவுகளில் கேள்விகளைவிடக் கைக்குட்டைகளே அதிகமாக வெளிவந்தன. இருந்தாலும் வடிவத்தின் தர்க்கத்துக்கு இது பொருந்தியே இருந்தது. 12,50,000 ரூபாய் ஒருவருக்குத் தங்கையின் திருமணச் செலவு, மற்றொருவருக்கு அடமானத்தில் இருக்கும் நிலம் என்று தெரிந்த பிறகே, அவர் அதைப் பணயம் வைப்பதன் எடை பார்ப்பவருக்கு விளங்கும்.

2011-இல் பீகாரின் மோதிஹாரியைச் சேர்ந்த சுஷில் குமார் ஐந்து கோடி வென்றார். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் மாதம் ஆறாயிரம் ரூபாய்க்குக் கணினி இயக்குபவராக இருந்தவர். பரிசில் 30 விழுக்காட்டுக்கும் மேல் வரியாகப் போனது. அதன்பின் வந்த ஆண்டுகளே தம் வாழ்வின் மோசமான காலம் என்றும், பலரிடம் ஏமாந்ததாகவும் அவரே 2020-இல் தம் சமூக வலைதளப் பக்கத்தில் எழுதினார்; சம்பாரண் பகுதியில் செண்பக மரக்கன்றுகளை நடுவதிலும் ஈடுபட்டார். நிகழ்ச்சியின் புகழ் இதனால் குன்றவில்லை. அரங்கில் எடுத்த முடிவுகளுக்குத்தான் நமக்குச் சாட்சி வாய்ப்பு இருந்தது. அதன்பின் எடுத்த முடிவுகளுக்கு நான்கு விடைகள் இல்லை, பாதுகாப்புப் படியும் இல்லை.

வீட்டிலிருப்பவர்களையும் போட்டிக்குள் இழுக்க 2007 சீசனில் ஒரு முயற்சி நடந்தது. திரையில் வரும் கேள்விக்கு 2 ரூபாய் 40 காசு கட்டணத்தில் குறுஞ்செய்தி அனுப்பினால், சரியான விடை அனுப்பியவர்களில் ஒருவரைக் குலுக்கலில் தேர்ந்து இரண்டு லட்சம் தருவார்கள். பரிசுப் பணம் குறுஞ்செய்திக் கட்டணத்திலிருந்தே வருகிறது என்பதை மறைத்தார்கள் என்று தொடுக்கப்பட்ட வழக்கில், தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் ஸ்டார் இந்தியாவுக்கும் ஏர்டெல்லுக்கும் ஒரு கோடி ரூபாய் தண்டனை இழப்பீடு விதித்தது. உச்ச நீதிமன்றம் 2019-இல் போதிய சான்று இல்லையென்று அதை ரத்து செய்தது. வழக்கின் முடிவு எப்படியிருப்பினும், குலுக்கல் என்பது வடிவத்துக்கு அந்நியமானது. அங்கே எடைபோட வேண்டியது எதுவும் இல்லை.

தமிழில்

தமிழில் சன் டிவியின் 'கோடீஸ்வரன்' சரத்குமார் தொகுப்பில் இந்தி நிகழ்ச்சியின் சூட்டோடு சூடாக வந்தது. 2012 பிப்ரவரியில் விஜய் டிவியில் சூர்யா 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' தொடங்கினார். அடுத்தடுத்த சீசன்களைப் பிரகாஷ் ராஜும் அரவிந்த் சாமியும் நடத்தினார்கள். மூவரும் நன்றாகவே நடத்தினார்கள் என்றாலும், ஆளை மாற்றிக்கொண்டே இருந்ததால் அந்த நாற்காலிக்கு ஒரு முகம் உருவாகவில்லை. 2019 இறுதியில் கலர்ஸ் தமிழில் ராதிகா சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரி' பெண்களுக்கு மட்டும் உரியது. அதில் 2020 ஜனவரியில் ஒரு கோடி வென்றவர், செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத மதுரை மாவட்டப் பெண். சுருதி ஏறும் இசை, கணீரென்ற குரல், கைதட்டல் ஆகியவற்றையே இந்த நிகழ்ச்சியின் உயிர் என்று கருதுபவர்களுக்கு அந்த இரவு ஒரு மறுப்பு. அவற்றில் எதுவும் போட்டியாளரை எட்டவில்லை. ஆனாலும் அவர் ஒவ்வொரு விடையாகத் தேர்வதைப் பார்த்தவர்களுக்குப் பதைப்பு ஒரு துளியும் குறையவில்லை.

பரிசு பெருத்தால்

பத்துக் கோடி தோற்றதற்கான விளக்கத்தை 'கௌன் பனேகா கரோர்பதி'யே பிற்காலத்தில் தந்தது. 2017 முதல் ஒரு கோடிக்கு அடுத்த படி ஏழு கோடி என்று வைத்தார்கள். தவறினால் 3,20,000-க்கு இறங்க வேண்டும். கணக்குப்படி, விடை சரியாக இருக்க 14 விழுக்காடு வாய்ப்பு இருந்தாலே துணியலாம். நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொல்வதற்கே 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அப்படியிருந்தும் ஒரு கோடியைத் தொட்டவர்கள் பெரும்பாலும் வணக்கம் சொல்லி எழுந்துவிட்டார்கள். எட்டாத பலாக்காயைவிடக் கைக்கெட்டிய களாக்காய் மேல் என்பது நம்மவர்கள் நன்கறிந்த நியாயம். ஒரு கோடியோ களாக்காயும் அல்ல. சம்பளக்காரக் குடும்பம் ஒன்று அதை வைத்து வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, மீதியை வங்கியில் போட்டுவிடும். ஏழு கோடி அந்தக் குடும்பத்தின் தேவைக்குள் அடங்கும் தொகையே அல்ல. ஆகவே அங்கே தராசு ஆடவில்லை. போட்டியாளர் என்ன செய்வார் என்று வீட்டிலிருப்பவர்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. பரிசு பெருத்தது, பதைப்பு மெலிந்தது.

தயாரிப்பாளர்களும் இதைக் கவனித்திருக்க வேண்டும். சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டை ஒட்டி 2022 சீசனில் உச்சப் பரிசை ஏழரைக் கோடி ஆக்கியபோது, 75 லட்சத்தில் புதிய பாதுகாப்புப் படி ஒன்றைச் சேர்த்தார்கள். ஒரு கோடியோடு நிற்பவர் தவறினால் இனி இழப்பது 25 லட்சம் மட்டுமே. அந்த சீசனில் முதலில் ஒரு கோடியை எட்டிய கோலாப்பூர் இல்லத்தரசி, பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர், ஏழரைக் கோடிக் கேள்வியைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார். பின்னால் வந்த இன்னொருவர் துணிந்து விடை சொன்னார், தவறிப்போய் 75 லட்சத்துக்கு இறங்கினார். முந்தைய ஆண்டுகளில் பெரும்பாலோர் ஒரே முடிவையே எடுத்துவந்த படியில், இப்போது இருவர் இருவிதமாக முடிவெடுத்தார்கள். படிகளைத் திருத்தியவர்களுக்குத் தேவைப்பட்டது அதுதான்.